ஆடியில் போட்ட கையெழுத்து

"நீங்கள் திருமணமானவரா?" என்று அந்த வெள்ளைக்கார அம்மையார் கேட்டார்.

"இல்லை" என்றாள் சிவகாமசுந்தரி.

கேள்வி முடிந்ததும் பதில் வந்துவிட்டது. நடுவில் அவள் யோசிக்கவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அவள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரு சின்னத் தயக்கமாவது இருந்ததா என்று தேடிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இருந்ததில்லை. வயதைக் கேட்டபோது வயதைச் சொன்னது போலத்தான் அதையும் சொன்னாள்.

பல்கலைக்கழகத்தில் அது வேலைவாய்ப்பு வாரம். புக்கிட் தீமா வளாகத்தில் மாணவர் சங்கக் கட்டடத்தின் ஒவ்வொரு அறையையும் ஒரு கம்பெனிக்கோ அரசாங்க இலாகாவுக்கோ கொடுத்திருந்தார்கள். ரப்பர் கம்பெனிக்கு ஒரு அறை, இன்ஷூரன்ஸுக்கு ஒரு அறை, வங்கிக்கு ஒன்று. கடைசி ஆண்டுப் பையன்கள் இரவல் டையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் கழுத்தை ஒருவர் சரிசெய்துகொண்டு நின்றார்கள். பெண்கள் எல்லாரும் ஆசிரியர் வேலைக்கான அறை முன்னால்தான். மாடியில் கடைசி அறை முன்னால் மட்டும் கூட்டம் இல்லை. அங்கே லண்டனிலிருந்து ஒரு அறநிறுவனம் முதல் தடவையாக வந்திருந்தது. வரலாறு படித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடம் லண்டனில் ஆராய்ச்சி. திரும்பி வந்தால் இங்கேயே துறையில் விரிவுரையாளர் வேலை. அறிவிப்புப் பலகையில், விண்ணப்பிப்பவர் திருமணமாகாதவராக இருக்கவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. சுந்தரி அதைப் படித்தாள். படித்துவிட்டு, தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் அறநிறுவனத்து அம்மையார். ஒரு ஓரத்தில் ஒரு சீனப் பேராசிரியர். இன்னொரு ஓரத்தில் அவளுடைய சொந்தத் துறை விரிவுரையாளர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் ஆலோசகர். சுந்தரி அதன் செயலாளர். சிராங்கூன் சாலையின் பழைய மாட்டுத் தொழுவங்களைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை மூவரும் படித்திருந்தார்கள்.

"நீங்கள் வசிக்கும் தெருவா அது?" என்று அம்மையார் கேட்டார்.

"பக்கத்துத் தெரு. ஆனால் அதைப் பற்றிய தாள்கள் எல்லாம் லண்டனில் இருக்கின்றன. என் தெருவைப் படிக்க நான் அங்கே வரவேண்டியிருக்கிறது."

அம்மையார் சிரித்தார். ஏரம்பமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை இருட்டி, விளக்கைப் போட்டார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில், எதிரே மூன்று பேர் தன் பேச்சைக் கேட்கக் காத்திருப்பதை சுந்தரி உணர்ந்தாள். அப்படி யாரும் அவள் பேச்சுக்குக் காத்திருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

*

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் அப்பா பரமசிவம் துறைமுகத்து வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு நிச்சயித்திருந்த தனசேகரன் அங்கே ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். மின்சார இலாகாவில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. கம்போங் கப்போரில் ஒரே அறையில் அம்மாவோடும் தங்கையோடும் இருந்தார். குவீன்ஸ்டவுனில் அரசாங்க வாடகை வீட்டுக்குப் பதிந்து வைத்திருந்தார். கல்யாணமானவர் என்று காட்டினால்தான் முறை முன்னால் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கல்யாணம் பங்குனியில், சுந்தரியின் தேர்வு முடிந்த பிறகு என்று பேசி முடித்தாயிற்று. எழுத்து வேலையை மட்டும் முன்னாலேயே முடித்துவிடலாம் என்றார்கள். சுந்தரியின் அம்மா தங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆடி மாசத்துல போய் எதுக்கு?"

அப்பா சொன்னார்: "கல்யாணமா பண்றோம்? கையெழுத்துப் போடப் போறோம். அதுக்கு என்ன ஆடி, மார்கழி?"

அம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. ஆகவே இது கல்யாணம் இல்லை. அம்மா மஞ்சள் பூசச் சொல்லவில்லை, பூ வாங்கி வைக்கவில்லை, கூட வரவுமில்லை. சுந்தரி வகுப்புக்குப் போகிற வெளிர்நீல நூல்புடவையைத்தான் கட்டியிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஏதோ படித்தார். இருவரும் ஆமாம் என்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள். தனசேகரன் பேனாவை மூடி அவளிடம் நீட்டினார். அது அவளுடைய பேனா. விரல் படாமல் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அப்பா இரண்டு பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். இரண்டு மணி வகுப்புக்கு பஸ் பிடித்துப் போனாள். அன்று யாரும் அவளை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அவளுக்கும் வித்தியாசமாக ஒன்றும் இல்லை.

"யாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே. தாலி ஏறாம கல்யாணம் ஆச்சுன்னு சொன்னா நல்லாருக்காது" என்றாள் அம்மா. ரபியாவிடம்கூட அவள் சொல்லவில்லை. மூன்று வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ரபியா.

நேர்முகம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தனசேகரனும் அவர் அம்மாவும் சுந்தரியின் ஓவன் ரோட்டு வீட்டுக்கு வந்தார்கள். சுந்தரி சமையலறையில் இருந்தாள்.

"உள்ளேயே இரு. காப்பியை நான் கொண்டு போறேன்" என்றாள் அம்மா.

"நான் கொண்டு போனா என்னம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன அடிக்கடி மூஞ்சியைக் காட்டிக்கிட்டு?"

அப்பா எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சட்டப்படி அவரு இவளுக்குப் புருஷன், தெரியும்ல?" என்றார்.

"உங்க சட்டத்தை ஹார்பர்ல வச்சுக்குங்க. என் வீட்டுல தாலிதான்."

அப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார். சுந்தரி அடுப்பு ஓரமாக நின்று கூடத்துப் பேச்சைக் கேட்டாள். தனசேகரனின் குரல் மெல்லிய குரல். வீடு கிடைக்கும் போலிருக்கிறது, நாலாம் மாடி, ஒரு அறையும் கூடமும், சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவர் என்று தோன்றியது. குரலைக் கேட்டு அதற்கு மேல் என்ன தெரிந்துகொள்ள முடியும்? லண்டன் விஷயத்தை அவரிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சொல்வதற்கு அவர் எதிரே போய் நிற்கவேண்டும். ஆடியிலிருந்து அன்றுவரை அவர்கள் இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா அப்பாவிடமும் அவள் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காததற்கு எதற்கு ரகளை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில், சொல்லாதவரைக்கும் அது அவளுடையது மட்டுமாக இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் என்று ஒரு அலமாரித் தட்டுகூட இல்லை.

கிடைத்துவிட்டால் பங்குனி என்னாகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போகும் என்று நினைத்தாள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தள்ளிப் போடுகிறார்களே, அப்படி. அந்த நினைப்பு வந்தவுடனே பயந்துபோய் அதை விட்டுவிட்டாள். யாருடைய சாவை நினைத்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா அடுத்த சனிக்கிழமை. மூன்று வாரமாக அவளும் ரபியாவும் சிராங்கூன் சாலைக் கடைகளில் ஏறி இறங்கி விழா மலருக்கு விளம்பரம் கேட்டிருந்தார்கள். புடவைக் கடைக்காரர்கள் உட்காரச் சொல்லி ஆரஞ்சு சோடா கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்ப்போம் தங்கச்சி" என்பார்கள். ஒரு மாவு மில்காரர் மட்டும் முழுப் பக்கம் கொடுத்தார். அதற்குப் பதிலாக நாடகத்தில் ராஜாவின் சபையில் அவருடைய மாவு மூட்டை ஒன்று தெரியும்படி இருக்கவேண்டும் என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். விழா அன்று மத்தியானம் மூட்டையே வந்து இறங்கியது.

"சிம்மாசனத்துக்குக் கீழே போட்டுடு. ராஜா குட்டை, உயரமாத் தெரிவாரு" என்றாள் ரபியா.

சுந்தரி சிரித்தாள். ரபியா அவளை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி, ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கே? லண்டன் கிடைச்சுடுச்சா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உன் மூஞ்சி சொல்லுது லா. போனா எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிட்டு வா. இந்த ஊருல போட முடியாது. சும்மா அலமாரியில மாட்டி வச்சுப் பார்த்துக்கிறேன்."

சாயங்காலம் நான்கு மணியிலிருந்தே சிராங்கூன் சாலையிலிருந்து வாடகை பஸ்ஸில் குடும்பங்கள் வந்து இறங்கத் தொடங்கின. பெண் பிள்ளைகள் மேடை ஏறுகிற விழா என்பதால் அம்மாக்கள் தவறாமல் வந்தார்கள். மூன்றாவது வரிசையில் சுந்தரியின் அம்மா, அதற்கடுத்துத் தனசேகரனின் அம்மா, அதற்கடுத்து அப்பா, கடைசி ஓர நாற்காலியில் தனசேகரன். இரண்டு அம்மாக்களும் வந்து உட்கார்ந்த விதத்தில், சுந்தரி வந்து உட்கார்ந்தாலும் அவர் பக்கத்தில் இடம் இருக்காது.

வரவேற்புரை சொல்லிவிட்டு அவள் மேடையை விட்டு இறங்கியபோது ஏரம்பமூர்த்தி படிக்கட்டில் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஒரு பட்டு டை.

"நல்லாப் பேசினீர் பிள்ளை" என்றார். பிறகு பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "கடைசியில நான் பேசேக்க ஒரு விசயம் சொல்லப்போறன். நீர் மேடைக்குக் கிட்ட நில்லும். அவ்வளவுதான் இப்ப சொல்லலாம்" என்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சுந்தரி தலையாட்டினாள். ஓரத்திரைக்குப் பின்னால் போய், மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மேடையில் முதலாமாண்டுப் பெண்கள் கோலாட்டம் ஆடினார்கள். கோல்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் அவள் நெஞ்சுக்குள் கேட்டது. கப்பல், மழைக்கோட்டு, நூலகத்தின் நீளமான மேசை, அதில் ஒரு விளக்கு. இத்தனை நாளும் தான் நினைக்கத் துணியாத எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் எல்லாரும் பலகாரக் கடைப் பக்கம் போனார்கள். திரை இடுக்கு வழியாகப் பார்த்தபோது, கூட்டம் குறைந்த மண்டபத்தில் தனசேகரன் எழுந்து போய் ஏரம்பமூர்த்திக்குக் கைகொடுப்பது தெரிந்தது. பேசுவது இவளுக்குக் கேட்கவில்லை. ஏரம்பமூர்த்தி கையைப் பிடித்தபடி சந்தோஷமாக ஏதோ சொன்னார். தனசேகரனும் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு அவர் கைகளால் காற்றில் வரையத் தொடங்கினார். ஒரு சதுரம். அதற்குள் ஒரு சின்னச் சதுரம். இங்கே ஜன்னல், இங்கே கதவு. வரைபடம் போடுகிறவரின் கை அது, கோணல் இல்லாமல் ஓடியது.

ஏரம்பமூர்த்தியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதை யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. ஒரு தடவை அவர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்த நொடியில் சுந்தரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடனே, விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நாடகத்துக்கு மணி அடித்தார்கள். "மூட்டையை விட்டு எழுந்திரு, ராஜா வர்றாரு" என்று ரபியா அவளை இழுத்தாள்.

நாடகம் நன்றாக நடந்தது என்று பிறகு சொன்னார்கள். முடிந்ததும் ஏரம்பமூர்த்தி மேடை ஏறினார். சுந்தரி அவர் சொன்னபடி படிக்கட்டுப் பக்கத்தில் நின்றாள். அவர் மாணவர்களைப் பாராட்டினார். விளம்பரம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னார். தமிழர்கள் படிப்பில் முன்னேறவேண்டும், அதிலும் பெண்கள், என்று தொடங்கினார். அங்கே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வணக்கம்" என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

புது நாட்டுப்பண் ஒலிக்க எல்லாரும் எழுந்து நின்றார்கள். இன்னும் பாதிப் பேருக்கு வார்த்தைகள் பாடமாகவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார்கள். சுந்தரிக்குப் பாடம். அவள் முழுக்கப் பாடினாள்.

*

நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தின் பின் தாழ்வாரத்தில் ஏரம்பமூர்த்தி நின்றிருந்தார். அவளுக்காகத்தான் நின்றிருக்கவேண்டும்.

"அவர் என்ன சொன்னார் சார்?"

"தன்னைத் தெரியுமோ எண்டு கேட்டார். தெரியாது எண்டன். தான் உம்மட புருஷன் எண்டார். ஆடியில எழுத்து முடிஞ்சுது, வீடும் கிடைச்சிட்டுது எண்டு. நல்ல பொடியன். சந்தோஷமாச் சொன்னார்."

"சார், அது கல்யாணம் இல்லை. ஆடி மாசம். வீட்டுக்காக."

"எனக்கு விளங்கும் பிள்ளை. எங்கட ஆக்களிலயும் அப்பிடித்தான். என்ர தங்கச்சிக்கு எழுத்து முடிஞ்சு ஒண்டரை வருசத்துக்குப் பிறகுதான் தாலி கட்டினது. அவ்வளவு காலமும் அவளைக் குமர்ப்பிள்ளை எண்டுதான் வீட்டில வைச்சிருந்தம்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமே!"

"எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவ கேட்டது எழுத்தைத்தான். தாலியை இல்லை."

தாழ்வாரத்துக்கு வெளியே ஈரப் புல்லில் தவளைகள் கத்தின.

"நீங்க அவங்ககிட்ட சொல்லப்போறீங்களா சார்?"

அவர் டையைத் தளர்த்தினார். "நானும் அந்தக் குழுவில இருக்கிறன். தெரியாமல் இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லது. அந்தப் பொடியன் ஏன் என்னட்ட வந்தவர்?" என்றார். கோபம் அவள்மேல் இல்லை, தனசேகரன்மேலும் இல்லை. தெரிந்துகொண்டுவிட்டோமே என்கிற கோபம்.

"நானே சொல்லிடறேன்" என்றாள் சுந்தரி.

அவர் முகம் தெளிந்தது. அதை அவர் மறைக்கத்தான் பார்த்தார். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். அதன் பிறகு அவருடைய எந்த வகுப்பிலும் அவளால் அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை துறை அலுவலகத்தில் அந்த அம்மையார் அவளை உட்காரச் சொன்னார். சுந்தரி சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அது வேறு ஏதோ ஒன்றாக ஆகிக்கொண்டே போனது. எங்களுக்குள் இது வழக்கம். அந்த மாதத்தில் நாங்கள் திருமணம் செய்வதில்லை. அன்று நான் வகுப்புக்குப் போனேன். என் வீட்டில் அவரோடு பேசக்கூட விடமாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எல்லாம் சேர்ந்து, ஒரு சாமர்த்தியமான பெண் ஜோடிக்கிற கதையைப் போல இருந்தது.

அம்மையார் கோபப்படவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியென்றால், எதற்குக் கையெழுத்துப் போடுவதாக நீங்கள் நினைத்தீர்கள்?"

"ஒரு வீட்டுக்கு" என்றாள் சுந்தரி.

"வீட்டுக்கு" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்தார். அவள் பொய் சொன்னதாகத் தான் நினைக்கவில்லை என்றும், விதியைத் தன்னால் மாற்ற முடியாது என்றும், இந்த வருடம் யாருக்கும் கொடுக்காமல் போகவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். வாசல்வரை வந்து கைகொடுத்தார். "எப்படியும், என் வாழ்த்துகள், மிஸஸ்…" என்றவர், பெயர் தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் ரபியா நின்றிருந்தாள். சுந்தரி அவளிடம் ஆடியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரபியா கேட்டுக்கொண்டே நின்றாள். பஸ் வந்தது. ஏறவில்லை.

"உனக்குக் கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆச்சா?"

"ஆகலை, ரபியா."

"எனக்குக்கூட சொல்லலியேடி" என்றாள் ரபியா. லண்டன் கைவிட்டுப் போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சுந்தரிக்கு அழுகை வரும்போல இருந்தது. அது எதற்கான அழுகை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க, நீ இல்லைன்னு சொன்னே. சரியாத்தானே சொல்லியிருக்கே! இதுல என்ன தப்பு?"

"அவங்களுக்கு அது பொய்ம்மா."

"வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. அவளுக்கு மகள்மேல் சந்தேகமே இல்லை. அப்படி ஒரு நம்பிக்கையோடு வேறு யாரும் அன்றைக்கு சுந்தரியின் பக்கம் நிற்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் அம்மாவுக்கு வேறொன்று உறைத்தது. "லண்டனுக்கா? ரெண்டு வருஷமா? எங்களைக் கேக்காமயா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதை மாப்பிள்ளை காதுல யாரும் போட்டுடாதீங்க. கல்யாணம் வேணாம்னு ஓடப் பார்த்தவள்னு நினைச்சுக்குவாங்க" என்றாள்.

*

கார்த்திகை தொடங்கியதும் வீட்டுச் சாவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் குவீன்ஸ்டவுனுக்குப் போனார்கள். புதிதாகக் கட்டிய கட்டடங்கள் வரிசையாக நின்றன. மரம் ஒன்றுகூட இல்லை. வெட்டிய சிவப்பு மண்ணில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் அம்மா அவளை நிறுத்தினாள்.

"நீ இங்கேயே இரு. தாலி கட்டின அப்புறம் வலது காலை எடுத்து வச்சு வரவேண்டிய வீடு. இப்போ சும்மா போய்ப் பார்க்கக்கூடாது."

"சட்டப்படி என் வீடும்மா" என்றாள் சுந்தரி. சண்டைக்காகச் சொல்லவில்லை. அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்கத்தான் சொன்னாள்.

"பேச்சைப் பாரு!" என்று சிரித்துவிட்டு அம்மா மேலே போனாள். தனசேகரனின் அம்மாவும் தங்கையும் அப்பாவும் பின்னால் போனார்கள். சுந்தரி கீழே தூணில் சாய்ந்து நின்றாள். ஒரு சீனக் குடும்பம் மெத்தையை உருட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. அறநிறுவனத்துக்கு அவள் மனைவி. அம்மாவுக்கு அவள் கன்னிப்பெண். இரண்டு பேரும் விதியைச் சொன்னார்கள். இரண்டு விதியும் அவளை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தின. அன்று மாடியில் அந்த அறையில் மழை பெய்துகொண்டிருந்தபோது, யாருடைய விதியையும் நினைக்காமல் அவள் ஒரு பதில் சொன்னாள். அது தன்னைப் பற்றித் தானே சொன்ன பதில் என்று இப்போது தோன்றியது.

தனசேகரன் படியிறங்கி வந்தார். எல்லாருக்கும் சோடா வாங்கக் கிளம்பியவர் அவளைப் பார்த்ததும் நின்றார். இருவரும் தனியாக இருப்பது முதல் தடவை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார். கிட்டத்தில் பார்க்க, அவள் நினைத்ததைவிட அவர் இளைத்திருந்தார். காலர் ஓரத்தில் மையின் கறை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "அன்னைக்கு விழாவுல உங்க சார்கிட்ட நானாப் போய்ப் பேசினேன். வீடு கிடைச்ச சந்தோஷத்துல. பேசிக்கிட்டே இருக்கும்போது அவரு முகம் மாறிப்போச்சு. வீட்டுக்கு வந்தும் எனக்கு அதே நினைப்பா இருந்துச்சு. நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

சுந்தரி அவரைப் பார்த்தாள். நல்ல கண்கள். சொன்னால் தாங்குவார். ஒருவேளை புரிந்துகொள்ளவும் செய்வார். 'முன்னாலேயே தெரிஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேனே' என்று சொல்லக்கூடிய மனிதராகத்தான் தெரிந்தார். அப்படி அவர் சொல்லிவிட்டால் அதை எங்கே வைத்துக்கொள்வது? அந்த ஒரே அறையிலும் கூடத்திலும் அதற்கு எங்கே இடம்? வாழ்நாள் முழுக்க அவர் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்ப்பார். தான் அவரைப் பார்க்கும்போதும் அப்படித்தான்.

மெத்தையை ஏற்றிய சீனர்கள் இரண்டாம் மாடியில் மூச்சுவாங்கிக்கொண்டு ஏதோ சத்தமாகப் பேசினார்கள். தனசேகரன் காத்திருந்தார்.

"இல்லை" என்றாள் சுந்தரி.

"இல்லையே?"

"இல்லை. அவருக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லை."

அவர் பெருமூச்சு விட்டார். முகம் மலர்ந்துபோயிற்று. சோடா வாங்கப் போகிறதையே மறந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார். சற்று நேரத்தில் நாலாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. புதுச் சாயம் ஒட்டிக்கொண்டு அது சுலபத்தில் திறக்கவில்லை. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"இதுதான் சமையலறை!" என்று கூப்பிட்டுச் சொன்னார். "காத்து நல்லா வருது! கேக்குதா?"

சுந்தரி நிமிர்ந்து பார்த்து, கேட்கிறது என்று தலையாட்டினாள். மறுபடி தூறல் போட்டது. அவள் தூணுக்கு உள்பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டாள். அங்கிருந்து ஜன்னல் தெரியவில்லை.